ஈப்போவுக்குப் போக ஒரு சைலன்சர்

சித்தி கோபித்துக்கொண்டு ஈப்போவில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போன மறுவாரம், சித்தப்பா தன் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைக் கழற்றிப் போட்டார். போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டி வரவேண்டியவர் அவர்தான்; வேறு யார் போனாலும் மரியாதையாக இருக்காது என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பாவும் தலையாட்டினார். ஆனால் பழைய குழாயின் ஓட்டைச் சத்தம் சித்திக்குத் தலைவலியாம். அவ்வளவு தூரம் பின்னால் உட்கார்ந்து வரவேண்டியவள் ஆயிற்றே, நல்ல சைலன்சராக மாட்டிக்கொண்டுதான் கிளம்புவேன் என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் சீக்கிரம் மாட்டித் தொலைக்கவேண்டும். சித்தி இல்லாமல் எனக்குத் தலை பின்ன ஆளில்லை. அம்மா பின்னினால் கண்ணில் நீர் வந்துவிடும்.

முதல் சைலன்சர் சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தையில் கிடைத்தது. மாட்டி உதைத்ததும் சிராங்கூன் ரோட்டில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இந்தச் சத்தத்தோட மாமனார் வீட்டு வாசல்ல போய் நிக்க முடியுமா?" என்று சித்தப்பா அதைக் கழற்றினார்.

அடுத்தது ஊமை. சத்தத்தோடு இழுவையும் அடங்கிவிட்டது. புக்கிட் தீமா மேட்டிலேயே திணறுகிற வண்டி ஈப்போவரை எப்படிப் போகும் என்றார். அதற்கடுத்ததை ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், தேடிக் கொடுத்தார். அது காற்றைத் தாராளமாக வெளியே விட்டதால் பெட்ரோல் போதாமல், வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் பட்டாசு வெடித்தது.

கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் துளையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிளக்கைக் கழற்றினால் முனை தேத்தண்ணி நிறத்தில் இருக்கவேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் அதிகம். ஒரு ஞாயிறு வெளுத்திருக்கும், அடுத்த ஞாயிறு கறுத்திருக்கும். சித்தப்பாவுக்கு உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் வண்டியை உதைத்துக் கேட்டுவிட்டு வருவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. "பஸ்ல போய்க் கூப்பிட்டா அவ வரமாட்டாளா தம்பி?"

"இந்த வாரம் முடிஞ்சிடும் அண்ணி."

முடிந்தும்விட்டது. என்னையும் பெட்ரோல் டாங்கியில் உட்காரவைத்துப் பட்டறைக்குக் கூட்டிப் போயிருந்த அன்று, தவுக்கே பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தார். அசல் தேத்தண்ணி நிறம். "சுடா பாகுஸ்லா", நன்றாகிவிட்டது என்று மலாயில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் குதித்தேன். சித்தப்பா மட்டும் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் இன்ஜினை நிறுத்தாமல் வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை அம்மா அவருக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் கீழே இறங்கிப் போனேன். சலவைச் சட்டை போட்ட சித்தப்பா வண்டியருகே குந்தியிருந்தார். சைலன்சரை இன்ஜினோடு பிடித்திருந்த வளையத்தின் நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பது அத்தனை ஞாயிறு பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகவே தெரியும்.

"சித்தப்பா, அது கழட்டுற பக்கம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நாள் வண்டியே கதியென்று கிடந்தும் இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கி, பலங்கொண்ட மட்டும் நானே இறுக்கினேன்.

"இப்ப சரியா இருக்கு, போங்க" என்றேன்.