மலைக்குப் போய்விட்ட சோதனை

அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு தன் விரல்களையே பார்த்தபடி இருந்த அந்த நிமிடம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அவருக்கு எதிரே இருந்த திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சை வரிகள். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று ஒவ்வொரு வரியும் சொல்லிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த கைபேசியில் ஊரிலிருந்து மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் குழுத் தலைவியை. எலவனாசூர்கோட்டைக்காரர். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சின்ன நிறுவனம் இருந்தது. மலையில் மரவள்ளி போடுகிறவர்களையும் ஜவ்வரிசி ஆலைகளையும் நடுவில் புரோக்கர் இல்லாமல் சேர்த்து வைப்பதுதான் தொழில். ஆலைக்குக் கிழங்கு வேண்டுமென்றால் விவசாயியின் கைபேசிக்குச் செய்தி போகும்: உங்களுக்கு லாரி பதிவாகியுள்ளது, நாளை காலை கிழங்கைப் பிடுங்கித் தயாராக வைக்கவும். மரவள்ளியை மண்ணுக்குள் எத்தனை நாள் வேண்டுமானாலும் விட்டு வைக்கலாம். பிடுங்கிவிட்டால் மட்டும் பொறுக்காது. இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமாக நரம்பு ஓடிக் கறுக்கத் தொடங்கிவிடும். அதனால் அந்த ஒரு வரிச் செய்திக்கு மலையில் அவ்வளவு மதிப்பு. நான் மலைமேல் கரியாலூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவள். எங்கள் ஊர்க்காரர்களை இதில் சேர்த்ததும் நான்தான். ஒவ்வொரு வீடாகப் போய், புரோக்கர் பேச்சைக் கேட்டுப் பிடுங்காதீர்கள், போனில் செய்தி வந்தால் மட்டும் பிடுங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அப்பா பெருமையாக என் பின்னாலேயே வந்தார்.

நிறுவனத்தில் அக்காவுக்கும் எனக்கும் வேலை, சோதனை எழுதுவது. அலுவலகத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தும்போது அவருடைய கணினி சர்வரிடம் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. இந்த ஊர் விவசாயிகளின் பெயர்களைக் கொடு, இவருக்கு ஒரு லாரி பதிவு செய், அதை ரத்து செய் என்பது போல. அதே கோரிக்கைகளை ஆள் இல்லாமலே ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, சர்வர் சரியான பதிலைத் தருகிறதா என்று பார்க்கிற நிரலைத்தான் நாங்கள் எழுதினோம். பதில் சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. இதற்கென்றே தனியாக ஒரு பயிற்சிச் சர்வர் உண்டு. அதில் இருக்கும் விவசாயிகள் யாரும் மனிதர்கள் அல்ல. முருகன் ஒன்று, முருகன் இரண்டு என்று நாங்களே பெயர் வைத்தவர்கள். அவர்களுக்கு எத்தனை லாரி அனுப்பினாலும் மலையில் ஒரு செடி அசையாது. சோதனை முடிந்ததும் போட்ட பதிவுகளையெல்லாம் நிரலே அழித்துவிடும். வந்த சுவடு தெரியாமல் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

அன்று காலை யாரோ ஒரு விவசாயியின் புகாரைப் பார்ப்பதற்காக அக்கா நிரலில் இருந்த பயிற்சிச் சர்வரின் முகவரியை எடுத்துவிட்டு நிஜச் சர்வரின் முகவரியைப் போட்டிருக்கிறார். பார்த்து முடித்தார். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். முகவரியை மாற்ற மறந்துவிட்டார். மதியம் வழக்கம்போல முழுச் சோதனையையும் ஓட விட்டார். நிரல் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்தது. கரியாலூர்ப் பக்கத்து விவசாயிகளின் பெயர்களைக் கேட்டு வாங்கியது. ஒவ்வொருவருக்கும் லாரி பதிவு செய்தது. பதில் சரியா என்று பார்த்தது. பிறகு எல்லாப் பதிவுகளையும் அழித்தது. பதிவு செய்யும்போது போகிற செய்தி மட்டும் அழியவில்லை. அது விவசாயிகளின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. திரை முழுக்கப் பச்சையாக இருந்ததைப் பார்த்து நாங்கள் டீ குடிக்கக் கீழே இறங்கினோம்.

மறுநாள் காலை அவர்கள் கிழங்கைப் பிடுங்கிவிட்டு, மலையில் லாரி ஒருநாள் தள்ளி வருவது புதிதில்லை என்பதால் காத்திருந்திருக்கிறார்கள். அதற்கு மறுநாள்தான் மாமா என்னைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை.

“லாரி எப்பம்மா வரும்? கிழங்க ரோட்டோரம் கொட்டிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கறோம்.”

லாரி எதுவும் பதிவாகவில்லையே மாமா என்றேன். அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ கைபேசியைக் கொடுத்துச் செய்தியைப் படிக்கச் சொன்னார். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு திரையில் இருந்த முகவரியைப் பார்த்தார். அப்போதுதான் கைகளை மேசைமேல் வைத்தார்.

எங்கள் ஊர்க் கிழங்கை வாங்கும் ஆலையில் அந்த வாரம் இயந்திரப் பழுது பார்ப்பதற்காகக் கொள்முதலையே நிறுத்தியிருந்தார்கள். வேறு ஆலைகளைக் கேட்டோம். பிடுங்கி நாளான கிழங்கு என்றதும் போனை வைத்தார்கள். முதலாளி கெட்டவர் அல்ல, பயந்துவிட்டார். நெட்வொர்க் கோளாறில் பழைய செய்தி திரும்பப் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் புரியப் போவதில்லை என்றார். அக்கா என் பக்கம் திரும்பினார். என்னிடம், “ஊருக்கு வழி காட்டறியா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மலையேறினேன். ஒவ்வொரு வளைவிலும், இந்த வண்டி இங்கேயே நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது.

சாலையோரமெங்கும் கிழங்கு கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகக் குவித்து, மேலே செடித் தழையைப் போட்டு மூடியிருந்தார்கள். பல குவியல்களில் கிழங்கு இன்னும் முழுதாகப் பருக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் மண்ணில் இருந்திருக்க வேண்டியது. நானே சொன்னேன் அல்லவா, செய்தி வந்தால் பிடுங்குங்கள் என்று. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தவர்களின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நம்ம பொண்ணு வந்துடுச்சி, இனி லாரி வந்துவிடும் என்கிற நிம்மதி. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாமல் இருப்பது அந்த முகங்களைத்தான்.

அக்கா வண்டியை நிறுத்திவிட்டு நேராக அவர்கள் நடுவில் போய் நின்றார். செய்தியை அனுப்பியது தான்தான் என்றும், அது தப்பான இடத்துக்குப் போய்விட்டது என்றும், லாரி வராது என்றும் சொன்னார். டெஸ்ட் பண்ணும்போது இப்படி ஆகிவிட்டது என்று அவர் மறுபடியும் தொடங்கினார்.

“டெஸ்ட்டுன்னா இன்னாங்க?” என்று மாமா கேட்டார்.

“எல்லாம் சரியா வேல செய்யுதான்னு அனுப்பிப் பாக்கறதுங்க.”

“வேல செஞ்சிச்சா?”

மாமா கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்காவின் கழுத்து சிவந்தது.

“செஞ்சிச்சுங்க” என்றார்.

அதற்குப் பிறகு திட்டினார்கள். படிச்சவங்க, பேன் காத்துல ஒக்காந்துக்கினு எங்க வவுத்துல விளையாடறீங்களா என்று ஒருவர் கேட்டார். எல்லாம் அக்காவைத்தான். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அப்பா கூட்டத்துக்குப் பின்னால், எங்கள் வீட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் யாரும் ஒன்றும் சொல்லாததால்தான் அவரால் எழுந்து வர முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. யாராவது என்னைத் திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். ஊரே சேர்ந்து என்னை விட்டுக்கொடுக்காமல் இருந்தது, நடுத்தெருவில் நிற்கவைத்தது போல இருந்தது.

கடைசியில் என் அத்தைதான் பாயையும் கத்தியையும் எடுத்து வந்தார். தோலைச் சீவி, வில்லைகளாக நறுக்கிப் பாறையில் காயப்போட்டால் மாட்டுத் தீவனத்துக்காவது யாராவது கேட்பார்கள். பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அக்காவும் கேட்காமலே உட்கார்ந்தார். அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. சீவியதைவிட வீணாக்கியது அதிகம். ஒருமுறை அத்தை அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி, பிடியை மாற்றித் திரும்பக் கொடுத்தார். மதியம் அத்தை சாமைச் சோறு போட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டபோது அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். “எங்க கிழங்கத்தான் கெடுத்தீங்க, சோத்தையுமா வாணான்றீங்க?” என்றார் அத்தை. அக்கா எழுந்து வந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

முதலாளி பிறகு முடிந்த நட்டஈட்டைக் கொடுத்தார். கிழங்குக்கு ஈடாகவில்லை. அடுத்த பருவத்தில் ஊரில் பாதிப்பேர் புரோக்கரிடமே திரும்பிப் போனார்கள். மாமா மட்டும் எனக்காக எங்களோடேயே இருந்தார். அதற்காகவே அவர் கண்ணில் படாமல் இருக்கப் பார்ப்பேன். அக்கா நிரலை உட்கார்ந்து திருத்தினார். முருகன்களைத் தவிர வேறு எந்தப் பெயர் வந்தாலும் முதல் கோரிக்கையிலேயே சோதனை நின்றுவிடும்படி எழுதினார். அதன் பிறகு பச்சை வரிகள் வந்தால் அவர் டீ குடிக்கக் கிளம்பியதில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். கொஞ்ச காலத்தில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய இடத்தில் இப்போது நான் இருக்கிறேன்.

போன தை மாதம் என் தம்பியின் கல்யாணத்துக்கு அக்கா வந்தார். நான் நிச்சயமாக எதிர்பார்க்கவில்லை. அந்த ஊருக்கு அவர் திரும்பவும் வருவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? பந்தியில் உட்கார்ந்த அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பட்டுப்புடவை கட்டி, கண்ணாடி போட்டிருந்தார். எதிர் வரிசையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கென்று தனியாக ஒரு செல்போன் டவர் வரப்போவதாக யாரோ அதிகாரி சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த மாசமே வேலை தொடங்கிவிடும் என்றாராம்.

“அதெல்லாம் டெஸ்ட்டுப்பா” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ரசவாளியோடு அக்காவின் இலைக்கு முன்னால் நின்றிருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

“இங்க அப்படித்தான் சொல்றாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க்கா. பொய்யின்னா டெஸ்ட்டுன்னுதான் சொல்லுவாங்க. சின்னப் பசங்ககூட.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சோற்றில் குழி செய்து ரசத்துக்காகக் காட்டினார். நான் ஊற்றினேன். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.