ஆறிய முழங்கால்

நிலாணி காலையில் எழும்பும்போதே களைத்துப்போய்த்தான் எழும்புவாள். நாற்பத்தொரு வயது. நகரின் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மரக்கறிக்கடைக்கும் பல் வைத்தியரின் கிளினிக்குக்கும் நடுவில் இருக்கும் பிசியோதெரபி நிலையத்தில் வேலை. பகலில் முதுகு பிடித்த தொழிற்சாலைக்காரர் வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் வரத்தொடங்குவார்கள். பட்மின்டனில் தோள் போனவர்கள், கூடைப்பந்தில் கணுக்கால் பிரண்டவர்கள். வருசம் முழுக்க ஒரே விளையாட்டு. கொஞ்சக் காலமாவது ஓய்வு கொடுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லி அவளுக்கு வாய் அலுத்துவிட்டது. கவனமாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சனிக்கிழமைப் போட்டிக்குப் போகலாமா என்று கேட்பார்கள்.

அதே நகரில், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியின் மாடிக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவள் அவள். பள்ளியில் நன்றாக ஓடினாள். அவள் ஓடுவதை வந்து பார்க்க அப்பா அம்மா இருவருக்கும் வேலை விடவில்லை. அதனால், பிள்ளைகளுக்காகக் கதவோரக் கதிரையில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் தகப்பன்மாரைக் கண்டால் தொடக்கத்தில் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. பதினைந்து வருசம் பிறருடைய தசைகளை அழுத்தியதில் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்து, வீட்டில் போத்தல் மூடி திறக்கவும் கணவனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் அன்புராசா. பார்சல் வான் ஓட்டுகிறவர். அவருடைய மகள் ஷாமிலாவுக்குப் பதினாறு வயது. கிளப் ஒன்றில் உதைபந்து விளையாடும்போது யாரும் இடிக்காமலே, சும்மா திரும்பிய ஒரு திருப்பத்தில், முழங்காலுக்குள் இருக்கும் இணைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு வந்தாள். முதலில் காலை மடக்கவே அழுதாள். பிறகு சைக்கிள் மிதித்தாள், படியேறினாள், குளிர்காலம் முடிவதற்குள் ஓடவும் செய்தாள். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. அன்புராசா ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்: எப்போது விளையாடலாம்?

கடைசிச் சோதனை ஒற்றைக்காலில் பாய்வது. அறுந்த கால், மற்றக் காலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பாய வேண்டும். ஷாமிலாவின் கால் அந்த அளவை எட்டவில்லை. அடுத்த மாதமும் எட்டவில்லை. நிலாணி பயிற்சிகளை மாற்றிப் பார்த்தாள், தொடையின் பலத்தை அளந்து பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

பனி உருகிய ஒரு பின்னேரம் நிலாணி தற்செயலாக யன்னலால் பார்த்தாள். கார் நிறுத்துமிடத்தில் தேங்கியிருந்த தண்ணீரை ஷாமிலா ஒரே பாய்ச்சலில் தாண்டினாள். விழுந்து ஊன்றியது அந்தக் காலில்தான். ஆட்டமில்லை, தயக்கமில்லை.

அடுத்த முறை அவள் வந்தபோது நிலாணி திரைச்சீலையை இழுத்துவிட்டு, கண்டதைச் சொன்னாள். ஷாமிலா மறுக்கவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தாள்.

"அக்கா, இன்னும் ஆறேல்லை எண்டு அப்பாட்டைச் சொல்லுங்கோ. ப்ளீஸ்."

"ஏன், திரும்ப அறும் எண்டு பயமோ?"

"இல்லை. எனக்கு டயர்ட், அக்கா. ஏழு வயசிலையிருந்து விளையாடுறன். கால் அறுந்த அண்டைக்கு நான் நோவிலை அழுதன் எண்டு எல்லாரும் நினைச்சவை. இனிப் போகத் தேவையில்லை எண்டு எனக்கு நிம்மதியா இருந்தது."

சின்னப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த அந்தக் களைப்பு நிலாணிக்கு நன்றாகப் பழகிய களைப்பாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்றாள். நீரே அப்பாவிடம் சொல்லும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றாள். ஷாமிலாவுக்குத் துணிவு வரவில்லை. கடைசியில், நிலாணியே பேச்சைத் தொடங்கட்டும் என்று ஒத்துக்கொண்டாள்.

முழங்கால் ஆறிவிட்டது என்று கேட்டதும் அன்புராசா கோச்சுக்குச் சொல்ல ஃபோனை எடுத்தார்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் நிலாணி. "விளையாட விருப்பமோ எண்டு பிள்ளையை ஒருக்காக் கேளுங்கோ."

அவர் மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்தபடி, "இல்லை அப்பா," என்றாள்.

அவர் ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு மகளிடம் அல்ல, நிலாணியிடம் சொன்னார்.

"காலைப் பாக்கத்தான் நான் உங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

இருவரும் போய்விட்டார்கள். காரில் என்ன பேசினார்களோ, பேசாமலே போனார்களோ, நிலாணிக்குத் தெரியாது. அந்தக் கிளப்பிலிருந்து பிள்ளைகள் வருவது குறைந்தது. நிலையத்தை நடத்தும் கீதன் அவளைக் கூப்பிட்டு, உடம்பைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது என்று மெதுவாகத்தான் சொன்னார். தான் செய்தது சரியா என்று பல நாட்கள் யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கும் வராமல், அடுத்த கணுக்காலைப் பார்க்கப் போனாள்.

கோடை பிறந்தபின் அன்புராசா தனியாக வந்தார். தோள் பிடித்துவிட்டது, கையை உயர்த்த முடியவில்லை. பெட்டி தூக்கித் தூக்கி வந்த நோவு. குப்புறப் படுக்கச் சொல்லி அவள் தோளை அழுத்தத் தொடங்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். முதலில் மகளோடு சண்டை பிடித்தாராம். பிறகு ஒரு மாதம் வீட்டில் யாரும் சரியாகக் கதைக்கவில்லையாம்.

"இப்ப ஞாயித்துக்கிழமையிலை மட்ச் இல்லை, பத்து மணி வரைக்கும் படுத்திருக்கிறாள்," என்றார். "எனக்குத்தான் விடிய முழிப்பு வந்திடுது. எழும்பி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"அவவுக்கு அந்த விளையாட்டு விருப்பமெண்டுதானே நினைச்சிருப்பியள்?"

"ஓம். எனக்கு அந்தக் குளிருக்கை போய் நிக்க விருப்பமே? அவளுக்காகத்தான் நிண்டனான்."

சிறிது நேரத்தில் அவருடைய மூச்சு சீராகி, அப்படியே உறங்கிப்போனார். நிலாணி கையை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த கதிரையில் கொஞ்சம் உட்கார்ந்தாள். வெளியே அடுத்த பிள்ளை, கணுக்காலில் ஐஸ் கட்டியபடி, தாயோடு காத்திருந்தது. அவள் எழுந்து அன்புராசாவின் நல்ல தோளில் தட்டினாள்.