பிள்ளைக் காம்பராவில் குஞ்சு வளர்த்த இராசம்மாள்

செய்தி வந்தபோது, நான் நர்ஸாக இருக்கும் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்கிக்கொண்டு குன்னூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர் ஓடிவந்து, "சிஸ்டர், ராசம்மாக்கா போயிட்டாங்க" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது. "வெயில் வந்தா குஞ்சுகள வெளிய உடணும், வெரசா வந்துருங்க" என்று காலையில்தான் இராசம்மாள் என்னிடம் சொல்லியனுப்பினார். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லையாம். ஒருநாள்கூட என்னிடம் மாத்திரை கேட்டு வராதவர். இன்னும் நம்ப முடியவில்லை.

இராசம்மாள் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறையை அவர் 'பிள்ளைக் காம்பரா' என்பார். அங்கே அவர்தான் ஆயா. தேயிலை விலை விழுந்து வேலை குறைந்ததும் குடும்பங்கள் திருப்பூருக்கு இறங்கின. தொட்டில்கள் காலியாயின. காம்பராவைப் பூட்டச் சொன்னார்கள். இராசம்மாள் நேரே மேனேஜரிடம் போனார்.

"சும்மா பூட்டி வைக்கிற அறைய எங்களுக்குக் குடுங்க தொரை. மிச்சமிருக்கிற பொம்பளைங்க சேந்து கோழி வளத்துக்கிறோம்."

சாவி கிடைத்தது. தகர வளையத்துக்குள், பல்புச் சூட்டில் முதல் குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. பளிச்சென்று விடிந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனார். திரும்புவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது, கூடவே சாரல். குளிர் தாங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாதிக்குமேல் நசுங்கிச் செத்துக் கிடந்தன. ஈர மண்ணில் உட்கார்ந்து, உயிருள்ளவற்றைப் பொறுக்கி முந்தானைக்குள் பொத்திக்கொண்டார்.

"இத்தன பிள்ளைகள வளத்தேன் சிஸ்டர், இதுகளக் கொன்னுட்டேனே" என்று அவர் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

கோழி வளர்ப்பில் பங்குப் பணம் போட்டிருந்த மாரியாயி, திருப்பூர் போகாமல் இதை நம்பித் தங்கியவர். திட்டத்தான் வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு, "அழுதது போதுங்கக்கா. அடுத்த தடவ எப்படி உடலாம்னு சொல்லுங்க" என்றார்.

அடுத்த தடவை இராசம்மாள் அவசரப்படவில்லை. உடம்பு முழுக்க இறகு மூடும்வரை காத்திருந்தார். பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார், பிறகு பகலில் அணைத்துவைத்தார். வெயில் உள்ள நாளில் சற்று நேரம் மட்டும், வலையடித்த காய்ந்த இடத்தில், பழகிய தண்ணீர்த் தட்டோடு வெளியே விட்டார். பனி வருமுன் உள்ளே சேர்த்துவிடுவார். வெளியே உள்ள இரவுக் கூட்டுக்கு மாற்றியது அதற்கும் வெகுநாள் கழித்துத்தான்.

"வாய் ஓயாமக் கத்துச்சுன்னா குளிருதுன்னு அர்த்தம். மேஞ்சுக்கிட்டே மெல்லப் பேசுச்சுன்னா பயமில்ல" என்பார்.

அந்தக் குஞ்சுகள் பிழைத்தன. மாரியாயி ஊரைவிட்டுப் போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நல்ல வெயில். காம்பரா வாசலில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கதவைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் மாரியாயி எழுந்தார்.

"அக்கா செத்தது அதுகளுக்குத் தெரியாதுங்க. வெயில் போறதுக்குள்ள தூக்குங்க."

குஞ்சுகளைக் கூடையில் எடுத்துவந்து வலைக்குள் இறக்கினோம். ஒரு குஞ்சு தயங்கி நின்றது. பிறகு மண்ணைக் கொத்தியது. அதுவரை அழாத மாரியாயி அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

இராசம்மா, பனி இறங்குமுன் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிட்டோம். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.