பனைமரத்தில் படம் இறக்கியது

எனக்குக் கல்யாணச் சீராக வந்த டெலிவிஷன் பெட்டியில் இரண்டு மாதம் கொசு மட்டும்தான் பறந்தது. திரை முழுக்க வெள்ளைக் கொசு, கருப்புக் கொசு, கூடவே வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம்.

எழுபதுகளின் கடைசி. நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் மெட்ராஸில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பார்த்தான். மாப்பிள்ளை வீட்டில் கட்டில், பீரோ, மாடு, மோட்டார் எல்லாம் இருக்கிறது, அவர்களிடம் இல்லாத ஒன்றைத் தங்கைக்குக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. டெலிவிஷன் அந்த வட்டாரத்திலேயே யாரிடமும் இல்லை. ஏன் இல்லை என்று அவனும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ரேடியோவில் சிலோனே கேட்கிறது, மெட்ராஸ் படம் வந்து சேராதா என்ற நினைப்புதான்.

கல்யாணம் முடிந்து காரில் வரும்போது கோபாலபுரம் செக்போஸ்டில் பெட்டியை இறக்கச் சொன்னார்கள். அங்கிருந்தவர் மலையாளத்தில், "இதில் எந்தா காணுந்நது?" என்றார். "படமுங்க" என்றான் அண்ணன். "எந்நா ஒந்நு காணிக்கு" என்றார் அவர். நடுரோட்டில் எதைக் காட்டுவது? அவர் குனிந்து திரையைப் பார்த்தார். அதில் தன் முகம் தெரியவே மீசையை ஒதுக்கிக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். யோசித்துப் பார்த்தால், அந்தப் பெட்டியில் தெளிவாக ஏதாவது பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

வீட்டுக்கூரைமேல் ஆன்டெனா கட்டி அண்ணன் ஊருக்குப் போய்விட்டான். கொசு பறக்க ஆரம்பித்தது. முதல் வாரம் தெருவே வந்து கொசுவைப் பார்த்தது. இரண்டாவது வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் மாமியார் என்னிடம் சொன்னார்.

"ஓடாத பொட்டிய உன்ற அண்ணன் நம்ம தலையில கட்டீட்டாரு கண்ணு. ஆடிக்கு உன்னயக் கூட்டிட்டுப் போக வருவாரில்ல, அப்பப் பொட்டியையும் ஏத்தி உட்டுரலாம்."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பித் தருகிற தொனியில் சொன்னார். அப்பா இல்லாத வீட்டில் என் கல்யாணத்தை எடுத்துச் செய்தவன் அண்ணன். கொடுத்த சீரைத் தானே சுமந்துகொண்டு ஊருக்குள் இறங்கினால் அவன் யார் முகத்தில் விழிப்பான்? ஆடி பிறப்பதற்குள் ஒரே ஒரு படமாவது வந்துவிட வேண்டும் என்று எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

பெட்டி கெட்டுப்போகவில்லை என்று என்னைத் தவிர நம்பியவர் மாமனார் ஒருவர்தான். அவர் குறை கண்டது செக்போஸ்டில்.

"ஒரு மூட்ட நெல்லு எல்லை தாண்டி இக்கட்டால வரோணும்னா ஆயரஞ் சீட்டுக் கேக்கறான். மெட்ராஸுப் படத்த மட்டும் சும்மா உட்டுருவானா?"

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அரிசி, சாராயம், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடப் பாடம் எல்லாமே எல்லையில் மாறிவிடும்போது படம் மட்டும் மாறாமல் வரும் என்று எப்படிச் சொல்வது? நல்லவேளையாக எங்கள் தோட்டத்தின் கிழக்குக் கோடி தமிழ்நாட்டில் இருந்தது. அங்கே ஒரு பனைமரம். ஆன்டெனாவைக் கழற்றி அதன் உச்சியில் கட்டி, பட்டை ஒயரை வேலியோரமாகவே வீடுவரை இழுத்துவிட்டால் செக்போஸ்டுக்குத் தெரியாமல் படம் வந்துவிடும் என்பது மாமனாரின் ஏற்பாடு.

ஏறுவதற்குப் பக்கத்தில் கள் இறக்குகிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். கேரளத்துப் பக்கம் கள்ளுக்குத் தடையில்லை, தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு. அவர் அரைமரம் ஏறியிருப்பார், அதற்குள் சைக்கிளில் ஒரு தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"ஆர்றா அது மரத்து மேல? கள்ளு எறக்கறயா?"

"இல்லீங்க சார், படம் எறக்கறமுங்க."

போலீஸ்காரர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கலயம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, படம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அதன்பிறகு தினமும் பொழுது சாயும் நேரத்தில் இதே வேலையாகிப் போனது. மரத்தின்மேல் கள் இறக்குகிறவர், மரத்தடியில் என் வீட்டுக்காரர், நடுவில் கிணற்று மேட்டில் மாமனார், வீட்டில் பெட்டிக்கு முன்னால் நான். மேலே இருப்பவர் ஆன்டெனாவை ஒரு சாண் திருப்புவார். "வந்துச்சா?" என்ற கேள்வி மரத்திலிருந்து மாமனார் வழியாக என்னிடம் வரும். நான் ஜன்னலில் தலையை நீட்டி "இல்லீங்" என்பேன். அது திரும்ப மரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் இன்னும் இரண்டு சாண் திருப்பியிருப்பார். முதலில் பொள்ளாச்சி ரோட்டைப் பார்த்து வைத்தார்கள், மெட்ராஸ் பஸ் ஏற அப்படித்தானே போக வேண்டும் என்று. பிறகு மெட்ராஸ் ரயில் நிற்கும் ஊர் என்பதால் கோயமுத்தூர் பக்கம் திருப்பினார்கள். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஆடிக்கு ஒரு வாரம் இருந்தது. மாமியார் பரணிலிருந்து பெட்டி வந்த அட்டைப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, என் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அந்த நேரம் பார்த்து, "வந்துச்சா?" என்று குரல் வந்தது.

"வந்துருச்சுங்க" என்று கத்திவிட்டேன்.

மாமனார் அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். மாமியாரும் வாளியோடு வந்து நின்றார். திரையில் கொசு.

"இப்பத்தானுங்க போச்சு" என்றேன்.

"என்ன அம்மிணி வந்துச்சு?" என்றார் மாமனார், மூச்சு வாங்க.

அதை நான் யோசித்திருக்கவில்லை. "ஒரு பொம்பள சேதி படிச்சாங்க மாமா. பச்சச் சேலை கட்டியிருந்தாங்க" என்றேன்.

"என்ன சேதி?"

"மழை வருமுங்களாமா."

மாமனார் மறுநாள் கடலைக்குத் தண்ணீர் விடவில்லை. பச்சைச் சேலை கட்டிய அம்மாள் மழை என்று சொல்லிவிட்டாளாம். நான் இரண்டு நாள் வானத்தைப் பார்த்துச் செத்தேன். மூன்றாம் நாள் மேற்கே மலைக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு தூறல் வந்து என்னைக் காப்பாற்றியது. அதோடு தெருவில் பச்சைச் சேலைக்காரியைத் தெரியாதவர் இல்லை என்றாகிவிட்டது. மாமியார் மட்டும் அட்டைப் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆடி ஒன்றாம் தேதி அண்ணன் வந்தான். இலை போட்டு, ஆண்களை உட்காரவைத்து நானும் மாமியாரும் பரிமாறினோம். தனியாக அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியே கிடைக்கவில்லை. மாமனார் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"உங்க பொட்டி தங்கமுங்க மாப்ள. பனமரத்துல ஏத்துனதும் படம் வந்துருச்சு. பச்சச் சேலை கட்டுன பொம்பள ஒருத்தி மழை வரும்னு சொன்னா, அப்படியே வந்துச்சு பாருங்க."

அண்ணன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினான். அவனுக்குப் பொய் வராது. ரேடியோவில் கோளாறு இருந்தால் வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுகிறவன்.

"பச்சையெல்லாம் தெரியாதுங்களே மாமா" என்றான். "நம்ம நாட்டு டிவில கலரே கெடையாதுங்க. கருப்பு வெள்ளதானுங்க."

டெலிவிஷனில் படம் எப்படி இருக்கும் என்று நான் கண்டேனா? சினிமாவைப் போல என்று நினைத்துவிட்டேன். மாமனார் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தார். இனி பெட்டி மட்டுமில்லை, பொய்க்காரத் தங்கையும் சேர்ந்துதான் வண்டி ஏற வேண்டும் என்று நினைத்தேன்.

ரசப் பாத்திரத்தோடு நின்றிருந்த மாமியார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அண்ணனுக்கு ஒரு கரண்டி ஊற்றினார்.

"பச்சதானுங்க தம்பி" என்றார். "அரக்குக் கர போட்டது. நானுந்தானுங்க பக்கத்துல நின்னு பாத்தேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அப்படீங்களா அத்தை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

சாயங்காலம் பொள்ளாச்சி பஸ்ஸில் அண்ணன் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனான்.