இருபது சென்டிமீட்டர்

ஜர்னல் திருத்தும் நாட்களில் ஸ்டாஃப் ரூமில் யாரும் என் பக்கம் வரமாட்டார்கள். வந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். செய்முறை நோட்டை புனேயில் ஜர்னல் என்பார்கள். அதில் ஆசிரியர் கையெழுத்து விழாவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்முறை மதிப்பெண் கிடையாது. கேம்ப் என்கிற ஏரியா பக்கத்தில் ஒரு பள்ளியில் பதினோரு வருஷமாக நான் இயற்பியல் எடுக்கிறேன். போன வருஷம் என் மேஜையில் நாற்பது ஜர்னல்கள். குழியாடியின் குவியத் தொலைவு எவ்வளவு என்ற சோதனைக்கு முப்பத்தொன்பது பேர் இருபது சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் பதினைந்து.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, குழியாடி எது, குவியாடி எது, எங்கே மைனஸ் போட வேண்டும் என்று மூன்று வாரம் நடத்தியிருந்தேன். அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். கோந்த்வாவிலிருந்து வரும் பெண். அப்பா கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. எங்கள் குடும்பம் புனேவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும், கோபம் வந்தால் என் வாயில் திருநெல்வேலிதான் வரும்.

"என்னட்டி இது? கிளாஸே ஒண்ணு எழுதிருக்கு, நீ மட்டும் ஒண்ணு எழுதிருக்க?"

"மூணு வாட்டி எடுத்தேன் மிஸ். பந்த்ராதான் வருது, பதினஞ்சு. ப்ராமிஸ் மிஸ்."

"பொய் சொல்லாத."

"வேணும்னா நீங்களே பாருங்க மிஸ்."

என்ன திமிர் என்று நினைத்தேன். வா, காட்டுகிறேன் என்று லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டாண்டில் கண்ணாடியைச் செருகி ஜன்னலைப் பார்க்க வைத்தேன். அவள் வெள்ளைக் காகிதத்தை முன்னே பின்னே நகர்த்தினாள். எதிர் அபார்ட்மென்ட் சொசைட்டியின் தண்ணீர்த் தொட்டி அதில் தலைகீழாக, சின்னதாக, பளிச்சென்று விழுந்தது. ஸ்கேலை வைத்தேன். பதினைந்து. திரும்ப அளந்தேன். அதே பதினைந்து.

லேபில் பெருக்கித் துடைக்கும் மாவ்ஷி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பழசு உடைஞ்சு நாலு வருஷம் ஆச்சே மேடம்! இது புதுசு, நான்தானே டப்பாவிலிருந்து எடுத்து வெச்சேன்" என்றார் மராத்தியில்.

நாலு வருஷம்! சீனியரின் ஜர்னலை வாங்கி ஜூனியர் பார்த்து எழுதுவது எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். உடைந்துபோன கண்ணாடியின் அளவை நாலு செட் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்கும் சிவப்பு மையில் டிக் போட்டவள் நான். போர்ஷன் முடிக்க வேண்டும் என்று லேப் பீரியடைப் பிடுங்கி, போர்டில் கதிர்ப்படம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியை நான் ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. அன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவளிடம், "நீ எழுதினதுதாம்ட்டி சரி" என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! அந்தச் சூட்டோடு எங்கள் சயின்ஸ் ஹெட்டிடம் போனேன்.

அவர் மராத்திக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு ஹிந்தியில் சொன்னார். "முப்பத்தொம்பது பேரை மாத்தச் சொல்றது சுலபமா, ஒருத்தியை மாத்தச் சொல்றது சுலபமா? நீங்களே சொல்லுங்க மேடம்."

"அவ எழுதினதுதான் சார் சரி!"

"சரிதான், யார் இல்லேன்னா? ஆனா திங்கட்கிழமை வெளியிலேருந்து ஜர்னல் செக்கிங்குக்கு வர்றாங்க. ஒரே கண்ணாடிக்கு ரெண்டு விடை இருந்தா வர்றவர் கேள்வி கேப்பார். அந்தப் பொண்ணு மார்க்தான் போகும். அடுத்த வருஷத்திலேருந்து எல்லாருக்கும் பதினஞ்சு போட்டுடுவோம்."

போட்டுடுவோமாம்! அடப் பாவி மனுஷா, அது என்ன சாம்பாருக்கு உப்பா? கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சனிக்கிழமை லேபைத் திறந்து வைக்கிறேன், நாற்பது பேரும் வந்து அளந்து, புதிதாக எழுதட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வகுப்பிலும் சொன்னேன். வாட்ஸ்அப் குரூப்பில் பெற்றோர்களுக்கும் போட்டேன். கோச்சிங் கிளாஸ் இருக்கிறது, இந்தக் கடைசி நேரத்தில் இது தேவையா என்று பதில்கள் வந்து விழுந்தன.

சனிக்கிழமை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன். பத்தரை வரைக்கும் ஒருவரும் வரவில்லை. அப்புறம் அவள் மட்டும் வந்தாள், கையில் ஜர்னலோடு.

பிரித்துப் பார்த்தேன். பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் கோத்திருந்தாள். கோடு போட்டு, அழகான கையெழுத்தில் மூன்று அளவுகள். பத்தொன்பது புள்ளி எட்டு. இருபது புள்ளி ஒன்று. மறுபடியும் இருபது புள்ளி ஒன்று. சராசரி இருபது.

"எப்பட்டி அளந்த?"

"அளக்கல மிஸ். ஹெட் சார் கூப்ட்டு சொன்னாரு."

"அப்ப இந்தப் புள்ளி எட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"மூணும் ஒரே நம்பரா இருந்தா பொய்னு தெரிஞ்சுடும்ல மிஸ்?"

கூச்சமே இல்லாமல், ஒரு கணக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். கிழித்துப் போடு, பதினைந்து என்றே எழுது, எவன் கேட்கிறான் பார்க்கிறேன் என்று சத்தம் போட்டேன். அவள் ஜர்னலை என் கையிலிருந்து மெதுவாக இழுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து மறுபடியும் என் முன்னால் வைத்தாள்.

"விடுங்க மிஸ். மார்க் போயிடும். சைன் மட்டும் பண்ணுங்க, ப்ளீஸ்."

அவள் மதிப்பெண்ணைப் பணயம் வைத்துச் சண்டை போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கையெழுத்துப் போட்டேன். "தேங்க் யூ மிஸ்" என்று சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்ட அன்றைக்குக்கூட அவள் இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கவில்லை.