அரை மணித்தியாலப் பிழை

ராத்தாவின் கையெழுத்தில், பச்சை மையால் 'தொழுகை நேரம்' என்று எழுதிய பிளாப்பி ஒன்று என் அலுமாரியில் கிடக்கிறது. அதைப் படிக்கிற மெஷின் இப்போது என்னிடம் இல்லை. எறியவும் மனம் வரவில்லை.

ராத்தா என் பெரியம்மாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தொண்ணூறுகளின் நடுவில் கல்முனையில் ஒரே கம்ப்யூட்டர் நிலையத்தில் இருவரும் வேலை பார்த்தோம். எங்கள் பள்ளிவாசலுக்கு நோன்பு மாத நேர அட்டவணை அடிக்கும் புரோகிராமை எழுதியது அவர்தான். ஊரின் பெயரும் மணிக்கூட்டுக் கணக்கும் தனிக் கோப்பில் இருந்தன. பக்கத்து ஊர்க்காரர்கள் புரோகிராமை மட்டும் கொண்டுபோய், கோப்பை மறந்துவிட்டு, "ஓடுதில்ல ராத்தா" என்று வந்து நிற்பார்கள். அலுத்துப்போய் இன்னொரு சின்னக் கருவி எழுதினார். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், அந்த விபரம் புரோகிராமின் உள்ளேயே தனிப் பகுதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கரண்ட் மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய வருடம் அது. அந்த மாற்றத்தை ராத்தா சேர்த்தார். சில மாதங்களில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். அதை, அவர் லீவில் இருந்தபோது, நான் சேர்த்தேன். கருவி சேர்க்க மட்டுமே செய்யும், பழையதை எடுக்காது. புரோகிராமோ முதலில் கண்ட பகுதியைத்தான் வாசிக்கும். அதனால் ஒன்றும் சேர்க்காத பிரதியை எடுத்துத்தான் செய்யவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் நன்றாகத் தலையாட்டியிருந்தேன்.

நோன்பு வந்தது. அட்டவணை வீட்டுக்கு வீடு போனது. அதில் சஹர் முடிவு, அதாவது விடியுமுன் சாப்பாட்டை நிறுத்தவேண்டிய நேரம், அரை மணித்தியாலம் பிந்தியிருந்தது. முதல் நாள் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்ன பிறகும் எங்கள் ஆட்கள் தாளைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள், கம்ப்யூட்டர் அடித்த தாளாயிற்றே. எங்கள் மோதினார் வாங்கு சொல்ல எழும்பியபோது கீழ்வானம் வெளுத்துவிட்டதாம். எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லா முழுக்க அந்த ஒரு நோன்பைப் பிறகு திரும்பப் பிடித்துக் களாச் செய்யவேண்டியதாயிற்று.

காலையிலேயே பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் தாளோடு வந்தார். ராத்தா திரையைத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு பகுதிகள், பழையது முன்னால். யார் வேலை என்று அவருக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்கும்.

"ஓம் மரைக்கார், பிழை என்ட புரோகிராம்லதான். ஸ்பீக்கர்ல சொல்லிருங்க" என்றார். என் பக்கம் திரும்பவேயில்லை. நான் பிரிண்டருக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நோன்பு முழுக்க ஊர் அவரைப் பற்றிக் கதைத்தது, பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்றும் கதைத்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நோன்புக்கு மரைக்கார் வந்தபோது ராத்தாவின் மேசையைத் தாண்டி என்னிடம் வந்தார். "தம்பி, இந்த முற நீங்க அடிச்சித் தாங்க."

அப்போதுதான் சொன்னேன். "போன வருஷப் பிழ நான் செஞ்சது மரைக்கார். ராத்தா இல்ல."

மரைக்கார் சிரித்தபடி என் தோளில் தட்டினார். "ராத்தாவ விட்டுக்குடுக்கமாட்டீங்க. நல்ல குணம்." அட்டவணை கேட்டு எழுதிய பள்ளிவாசலின் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவர் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"அடிச்சுக் குடு தம்பி," என்றார். "சனம் நோன்பு புடிக்கணும்."