சென்னையிலிருந்து பேசுகிறோம்

அந்தமானில், அபர்டீன் பஜாரில் பஸ்ஸுக்கு நின்றபோது நான் முணுமுணுத்த கொரியப் பாட்டின் அடுத்த வரியைப் பக்கத்தில் நின்ற வங்காளிப் பெண் ரீத்து பாடினாள். பஸ் வருவதற்குள் பாட்காஸ்ட் தொடங்குவதென்று முடிவாகிவிட்டது.

ஆசியப் பாப் பாடல்களும், சொந்தமாகப் பாட்டு வெளியிடும் கலைஞர்களும்தான் எங்கள் நிகழ்ச்சி. "சென்னையிலிருந்து பேசுகிறோம்" என்றே ஆரம்பிப்போம். அந்தமான் என்றால் யார் மதித்துப் பேச வருவார்கள் என்ற பயம்.

முதல் வெளிநாட்டு விருந்தினர், இந்தோனேசியாவின் ஆச்சேயில் இருக்கும் ஒரு பாடகர். மரைன் ஹில்லில் என் அறையிலிருந்து ஆன்லைனில், ஆங்கிலத்தில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று துறைமுகத்தில் கப்பல் ஹாரன் அலறியது.

"சென்னையில கப்பல் வீட்டுக்குள்ளயே வருமா?" என்றார்.

"சச் போல் தே யார்" என்று, உண்மையைச் சொல்லிவிடும்படி ரீத்து கிசுகிசுத்தாள். சொன்னேன். அவர் மேப்பைத் திறந்து பார்த்தார். பேட்டி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"அட, நடுவுல கடல் மட்டும்தானே இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயா பொய் சொல்றது?" என்று சிரித்தவர், இன்னும் வெளியிடாத பாட்டு ஒன்றை எங்களுக்காகப் பாடினார். மீனவரான தன் அப்பாவுக்கு எழுதியதாம்.

எடிட் செய்தபோது ஹாரனை நான் வெட்டவில்லை.

இங்கே வண்டூரில் படகு ஓட்டும் அண்ணன் ஒருவர் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். நேற்று அவரிடம் பேட்டி கேட்டோம்.

"நம்ம பாட்ட யாரும்மா கேப்பா?"

"ஆச்சேயில ஒருத்தர் இருக்கார்ண்ணே."

ஞாயிற்றுக்கிழமை மைக்கோடு போகிறோம். அந்தமானிலிருந்து பேசப்போகிறோம்.